ஸ்காலர்ஷிப் வரவில்லை என்றால் பற்று யார் பெயரில்? கல்லூரி அக்கவுன்ட்ஸ் ஆட்களிடம் ஒரு கேள்வி

பேரேடு_நுங்கம்பாக்கம் | திங்கள், இரவு 10.20

வணக்கம். சென்னையில் ஒரு எய்டட் கல்லூரியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் பதினேழு வருடமாக இருக்கிறேன். காலையில் அரசு மானியத்தில் நடக்கும் எய்டட் வகுப்புகள், மதியத்துக்கு மேல் கட்டண வரவில் நடக்கும் செல்ஃப் ஃபைனான்ஸ் வகுப்புகள். இரண்டுக்கும் சேர்த்து ஆறு பேர் இருந்த இடத்தில் இப்போது மூன்று பேர். ஓய்வு பெற்றுப் போனவர்களின் நாற்காலிகளில் ஃபைல் அடுக்கி வைத்திருக்கிறோம்.

இன்று ஹால் டிக்கெட் கொடுக்கும் நாள். கட்டண பாக்கிப் பட்டியலை நான்தான் எடுத்துத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பினேன். மொத்தம் 61 பெயர். மதியம் ஒன்றரை மணி இருக்கும், இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவி ஒருத்தியும் அவளுடைய அம்மாவும் கவுன்ட்டருக்கு வந்தார்கள். அம்மா கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தின் பிரின்ட் எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. பாக்கி 18,400 ரூபாய். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று கண்ணாடித் துளைக்குக் கிட்டே குனிந்து கேட்டார்: "கவர்மென்ட் கட்டும்னுதானே சார் சேத்தீங்க. அப்புறம் எங்க பேர்ல எப்படி பாக்கி வரும்?"

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் முதல் மாதமே சொல்லிக் கொடுப்பது, பெறுபவரைப் பற்று வை, கொடுப்பவரை வரவு வை என்று. அந்த அம்மா கேட்டதும் அதைத்தான். பற்று என்பது தர வேண்டியவர் பெயரில் எழுதுவது. இங்கே தர வேண்டியது யார்? எங்கள் சாஃப்ட்வேரில் மாணவர் பெயருக்கு நேரே ஒரே ஒரு பாக்கிப் பத்திதான் இருக்கிறது. அரசு தர வேண்டியதும் அதில்தான் விழுகிறது, வேண்டுமென்றே கட்டாமல் இழுத்தடிப்பவரின் தொகையும் அதில்தான் விழுகிறது.

முதல்வரிடம் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு ஹால் டிக்கெட் கொடுத்துவிட்டோம். மீதி 60 பேருக்கும் இப்படி ஒவ்வொருவராகப் பேச முடியாது. உங்கள் கல்லூரிகளில் இதை எப்படி எழுதுகிறீர்கள்? இரவில் தூக்கம் வரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

---

தாம்பரம்_லோக்கல் | திங்கள், இரவு 10.52

அண்ணே, எங்களிடமும் இதே கதைதான். நான் இன்ஜினியரிங் கல்லூரி. முதல் பட்டதாரி சலுகை, 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் வந்த அரசுப் பள்ளி மாணவர்கள், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகை என்று பாதி வகுப்பின் கட்டணம் அரசிடமிருந்து வர வேண்டியது. இந்தத் திட்டங்கள் நல்லவை. அவை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் எங்கள் வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். ஆனால் பணம் வருகிற தேதி எங்கள் கையில் இல்லை, சம்பளத் தேதி மட்டும் மாறாமல் நிற்கிறது. 2017இல் கட்டணக் குழு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 50,000, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 என்று நிர்ணயித்தது. பல வருடம் அந்தத் தொகையிலேயேதான் ஓட்டினோம். அதே வருடங்களில் மின்கட்டணமும் லேப் பராமரிப்பும் ஆசிரியர் சம்பளமும் எங்கே போயின என்று எல்லோருக்கும் தெரியும்.

நாங்களும் ஒரே பத்தியில்தான் எழுதுகிறோம்.

---

வவுச்சர்_பெரம்பூர் | செவ்வாய், காலை 7.15

ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"அரசு தர வேண்டியது" என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக்கில் மத்திய, மாநிலப் பங்கு 60:40 என்று ஆன பிறகு மத்தியப் பங்கு கல்லூரிக்கு வருவதில்லை. நேராக மாணவரின் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதிலிருந்து அவர்தான் நமக்குக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். அப்படியென்றால் பணம் அவர் கணக்கில் விழுந்த நிமிடமே கடனாளி மாறிவிடுகிறார். நேற்று வரை அரசு, இன்று மாணவர். அது எந்த நாள் என்று நமக்கு எப்படித் தெரியும்? அவருடைய பாஸ்புக் நம்மிடம் இல்லை.

பணம் வந்து நான்கு மாதம் ஆன பிறகும் கட்டாத மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஒருவன் வீட்டில் அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, இன்னொருவன் வீட்டில் வாடகை அட்வான்ஸ். கையில் 20,000 ரூபாய் வந்தால் எந்த வீட்டிலும் அது நிற்காது. ஆனால் பேரேட்டில் (லெட்ஜரில்) அது யார் கடன்? தணிக்கையாளர் கேட்டால் என்ன காட்டுவீர்கள்?

---

பேரேடு_நுங்கம்பாக்கம் | செவ்வாய், காலை 8.05

கோபம் எதற்கு, இதுதான் எனக்கும் உறுத்திய கேள்வி. ரயிலில் இருக்கிறேன், மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

---

அடையாறு_கேஷ்புக் | செவ்வாய், காலை 11.40

வவுச்சர் சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இன்னும் பணம் வரவில்லை" என்று மாணவர் சொல்வது பல நேரம் உண்மைதான், ஆனால் பணம் வந்தும் இருக்கும். ஆதார் வழியாகப் போகிற பணம் நாம் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாது. கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கே போகும். பத்தாம் வகுப்பில் பள்ளியில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு ஒன்று, கல்லூரிக்கு வந்ததும் திறந்தது ஒன்று, கடையில் சிம் வாங்கும்போது விரலை வைத்ததில் தானாகத் திறந்தது ஒன்று. அந்த மூன்றாவது இருப்பதே பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

போன வருடம் ஒரு மாணவனை உட்கார வைத்து, ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று ஆதார் தளத்திலேயே பார்த்தோம். அவன் கேள்விப்பட்டே இராத ஒரு வங்கியின் பெயர் வந்தது. இரண்டு வருட உதவித்தொகை அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. அவன் அழுதுவிட்டான். அம்மா அதற்குள் தோட்டை அடகு வைத்து முதல் வருடக் கட்டணத்தைக் கட்டியிருந்தார்.

இதை மாணவருக்குச் சொல்வது அக்கவுன்ட்ஸ் வேலை என்று எந்தப் பணிப் பட்டியலிலும் கிடையாது. ஆனால் நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

---

புதிய_சி.ஏ._அண்ணாநகர் | செவ்வாய், மதியம் 1.30

நான் தணிக்கைப் பக்கத்திலிருந்து வருகிறேன். சில கல்வி அறக்கட்டளைகளின் கணக்கைப் பார்க்கிறோம்.

வவுச்சர் சாரின் கேள்விக்கு என் பதில்: இரண்டு துணைக் கணக்குகள் வையுங்கள். சேர்க்கையின்போதே மாணவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டியதையும் அரசுத் திட்டத்தில் எதிர்பார்ப்பதையும் பிரித்துவிடுங்கள். பணம் மாணவர் கணக்கில் விழுந்தது என்று தெரிந்த தேதியில் தொகையை மாணவர் பெயருக்கு நகர்த்தி ஒரு மாற்றுப் பதிவு போடுங்கள். தேதி தெரியாதவரை அரசுக் கணக்கிலேயே இருக்கட்டும். எங்களுக்கு வேண்டியது ஆதாரம். விண்ணப்ப எண், அனுமதி நிலை, கடைசியாகச் சரிபார்த்த தேதி, இந்த மூன்றும் இருந்தால் போதும். ஒரே பத்தியில் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால்தான் நாங்கள் எதை நம்புவது என்று தெரியாமல் கேள்வி மேல் கேள்வி கேட்கிறோம்.

இன்னொன்று. அறக்கட்டளைகளுக்கு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட்டாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. வராத பணத்தை வருமானமாகக் காட்டிவிட்டு, அதில் 85 சதவீதம் செலவழிக்கவில்லை என்று மாட்டிக்கொண்ட நிர்வாகத்தைப் பார்த்திருக்கிறேன். வரவு எப்போது வரவாகிறது என்பதை ஆண்டுக்கொரு விதமாக மாற்றாதீர்கள்.

---

தாம்பரம்_லோக்கல் | செவ்வாய், மதியம் 1.48

தம்பி, ஆலோசனை சரிதான். இதையெல்லாம் பதிய ஆள்? உங்கள் அலுவலகத்தில் சி.ஏ. பயிற்சிக்கு வரும் ஆர்ட்டிகிள் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்களிடம் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் தெரிந்த பையன் ஒருவன் இருந்தான். 16,000 ரூபாய் சம்பளம். ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கம்பெனியில் இரண்டு மடங்கு கொடுத்தார்கள், போய்விட்டான். நானாக இருந்தாலும் போயிருப்பேன். அந்த இடத்துக்கு வருகிறவருக்கு ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., பி.எஃப்., ஸ்காலர்ஷிப் போர்ட்டல், பேமென்ட் கேட்வே எல்லாமே தெரிய வேண்டும். சம்பளம் மட்டும் அதே 16,000.

---

புதிய_சி.ஏ._அண்ணாநகர் | செவ்வாய், மதியம் 2.10

உண்மைதான் சார். சொல்வதற்கு முன்னால் அதை யோசித்திருக்க வேண்டும்.

---

ஓய்வூதியர்_மயிலை | செவ்வாய், மாலை 6.25

பல்கலைக்கழக நிதிப் பிரிவு ஒன்றில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் மாணவியின் பாக்கியில் இருக்கும் அதே சிக்கல் மேலேயும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்றார்கள். 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு வரி பாக்கியா என்று பலர் வியந்தார்கள். காரணம் ஒரு சின்ன விதி. பெருமளவு அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. பெருமளவு என்றால் என்ன? மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், மானியம் குறைகிறது. ஓய்வூதியம் ஏறுகிறது. சம்பளம் கொடுக்க வேண்டுமே என்று தொலைநிலைக் கல்வி, தேர்வுக் கட்டணம், கல்லூரிகளிடம் வாங்கும் இணைப்புக் கட்டணம் என்று சொந்த வரவைக் கூட்டுகிறார்கள். கூட்டக் கூட்ட அரசு மானியத்தின் பங்கு பாதிக்குக் கீழே இறங்குகிறது. இறங்கியதும் விலக்கு போகிறது, வரி வருகிறது. அரசு கொடுக்காத பணத்தைத் தானே சம்பாதித்ததற்காக ஒரு பொதுப் பல்கலைக்கழகம் வரி கட்ட வேண்டிய நிலை. வருமான வரிச் சட்டத்தின் வேறு பிரிவில் பதிவு செய்து விலக்குக் கேட்க வழி உண்டு. அதற்கும் காலத்தோடு மனு, தணிக்கை அறிக்கை, கணக்கு தாக்கல் எல்லாம் வேண்டும். அதைச் செய்ய வேண்டிய பிரிவில்தான் பாதி நாற்காலி காலி.

அப்புறம் உள்ளாட்சி நிதித் தணிக்கை, அதாவது பல்கலைக்கழகக் கணக்கையும் பார்க்கும் அரசுத் தணிக்கை. எனக்கு முன்னால் இருந்தவர், அவருக்கும் முன்னால் இருந்தவர் காலத்துத் தணிக்கைத் தடைகளுக்கெல்லாம் (தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபங்களுக்கெல்லாம்) நான் பதில் எழுதினேன். ஒரு தடை 1990களில் வாங்கிய ஒரு லேப் கருவியைப் பற்றியது. வாங்கியவர் இறந்துவிட்டார், கருவியை ஏலம் விட்டாகிவிட்டது, தடை மட்டும் உயிரோடு இருந்தது. வவுச்சர் கட்டுகள் தரைத்தளத்தில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவை மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் நாலு பேர் அந்தக் கட்டுகளைப் பிரித்து மொட்டை மாடியில் கொடி கட்டிக் காயப்போட்டோம். கார்பன் நகல்களில் நீல மை பரவி எழுத்தே இல்லை. ஒட்டிக்கொண்ட தாள்களை நகத்தால் பிரித்தால் கூழாக வந்தது. "வெள்ளத்தில் சேதம்" என்று பதில் எழுதினேன். "ஆதாரம் இணைக்கப்படவில்லை" என்று திரும்பி வந்தது.

பணியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் காலத்துத் தடைகளை உங்கள் காலத்திலேயே முடித்துவிடுங்கள். எனக்கு ஓய்வுக்காலப் பணம் ஒன்பது மாதம் தள்ளிப்போனது, நான் கையெழுத்தே போடாத ஒரு பில்லுக்காக.

---

அடையாறு_கேஷ்புக் | செவ்வாய், இரவு 7.02

ஐயா, மொட்டை மாடியில் கொடி கட்டியதைப் படித்ததும் நெஞ்சு அடைத்தது. எங்கள் கல்லூரியும் ஆற்றுக்குப் பக்கம்தான். அன்றைக்கு நாங்கள் ஹேர் டிரையர் கொண்டு காயவைத்தோம்.

---

கிண்டி_ரிசர்ச்_செல் | செவ்வாய், இரவு 8.30

ஆராய்ச்சி நிதிப் பக்கம் யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

முன்பு ஒரு ப்ராஜெக்ட்டுக்குப் பணம் வந்தால் நம் வங்கிக் கணக்கில் இருக்கும். இப்போது பல மத்தியத் திட்டங்களில் பணம் நம்மிடம் வருவதே இல்லை. ஜீரோ பேலன்ஸ் கணக்குதான், செலவு வரம்பு மட்டும் ஒதுக்குவார்கள், மத்திய அரசின் பணப் பட்டுவாடா தளமான பி.எஃப்.எம்.எஸ். வழியாகப் பில் போட்டால்தான் பணம் போகும். அரசுப் பணம் எங்கேயோ சும்மா கிடக்கக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மார்ச் 31 வந்தால் செலவழியாத வரம்பு போய்விடும். புது ஆண்டுக்கான ஒதுக்கீடு வரும்வரை ப்ராஜெக்ட்டில் இருக்கும் ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை இல்லை. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் என் மேஜைக்கு வந்து "சார், ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இருபத்தெட்டு வயது, சிலருக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது.

பேராசிரியர்களுக்கும் நமக்கும் சண்டை வருவதும் இங்கேதான். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் வாங்கச் சொன்னால் "எனக்கு வேண்டிய கெமிக்கல் அதில் இல்லை" என்பார். இல்லை என்பதற்குச் சான்றிதழ் எடுக்கச் சொன்னால் "நீங்கள் ஆராய்ச்சிக்குத் தடை" என்பார். பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது நாங்கள். ஒரு ரூபாய் செலவுத் தலைப்பு மாறியிருந்தாலும் அடுத்த தவணை நிற்கும். அவருக்கு அது தெரியும், தெரிந்தும் கோபம் வரும், அவர் பரிசோதனை காத்திருக்காது. இரண்டு பக்கமும் நல்லவர்கள்தான் மோதிக்கொள்கிறோம்.

---

வவுச்சர்_பெரம்பூர் | செவ்வாய், இரவு 9.10

ஜி.எஸ்.டி.யையும் சொல்லிவிடுகிறேன். கல்விக்கு வரி இல்லை என்று வெளியில் நினைக்கிறார்கள். மாணவரிடம் வாங்கும் கட்டணத்துக்கு இல்லை, சரி. ஆனால் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பஸ் ஒப்பந்தம் போன்ற சேவைகளுக்குப் பள்ளிக்கூடம் வரைக்கும்தான் விலக்கு. கல்லூரிக்குக் கிடையாது. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் பில் மாதம் 4 லட்சம் என்றால் 18 சதவீதம், 72,000 ரூபாய். நம் சேவைக்கு வரி இல்லாததால் நாம் கொடுத்த இந்த வரியை (உள்ளீட்டு வரி) திரும்ப எடுக்கவும் முடியாது. வருடத்துக்கு 8,64,000 ரூபாய் வெறும் செலவு. அதற்கு மேல் 2024 அக்டோபரில், பல்கலைக்கழகம் கல்லூரிகளிடம் வாங்கும் இணைப்புக் கட்டணத்துக்கும் 18 சதவீதம் உண்டு என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. நிர்வாகக் குழுவில் இதைச் சொன்னால் "போன வருஷம் இல்லையே" என்று என்னைப் பார்க்கிறார்கள், நான் போட்ட வரி மாதிரி.

---

எழும்பூர்_பழைய_மாணவி | செவ்வாய், இரவு 9.44

நான் அக்கவுன்ட்ஸ் ஆள் இல்லை, பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் எங்கள் செட் ஆட்கள், இப்படிப் பாக்கி நிற்கும் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். கல்லூரியில் கேட்டால் "வெளிநாட்டுப் பணம் வேண்டாம் மேடம்" என்றே சொல்கிறார்கள். ஏன் இவ்வளவு தயக்கம்?

---

அடையாறு_கேஷ்புக் | செவ்வாய், இரவு 10.05

மேடம், தயக்கம் பணத்தின் மேல் இல்லை. வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்க, அதை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் ஒரே ஒரு கிளையில் உள்ள கணக்கில்தான் விழ வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ஒரு தவறு நடந்தால் பதிவே போகலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்த வருமானத்திலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பில் வராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள் என்றால் வரும். முதலில் யார் யார் எந்தப் பாஸ்போர்ட் என்று ஒரு பட்டியல் எடுங்கள், அதற்குப் பிறகு கல்லூரியில் பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

---

எழும்பூர்_பழைய_மாணவி | செவ்வாய், இரவு 10.11

இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. நாளைக்கே பட்டியல் எடுக்கிறேன். நன்றி சார்.

---

பேரேடு_நுங்கம்பாக்கம் | அடுத்த ஞாயிறு, மாலை 5.30

பதில் எழுத ஐந்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். வேலையை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

புதிய சி.ஏ. சொன்ன மாதிரி இரண்டாகப் பிரித்தேன். சாஃப்ட்வேரில் புதுப் பத்தி சேர்க்க விற்றவர்கள் பணம் கேட்டார்கள், அதனால் எக்செல்லில் தனிப் பதிவேடு. மூன்று நாள் இரவு ஏழு மணி வரை உட்கார்ந்தோம். போர்ட்டலில் ஒவ்வொரு விண்ணப்ப எண்ணாகப் போட்டு நிலையைப் பார்த்து, பார்த்த தேதியோடு எழுதினோம். 61 பேரில் 38 பேர் முழுக்க அரசுப் பத்திக்குப் போனார்கள். 9 பேர் உண்மையிலேயே கட்ட வேண்டியவர்கள். 5 பேர் விண்ணப்பமே போடவில்லை, அது எங்கள் பிரிவு கவனித்திருக்க வேண்டியது.

மீதி 9 பேர் ஏற்கெனவே கட்டியவர்கள். ஆமாம், கட்டியும் பாக்கிப் பட்டியலில் இருந்தார்கள். யு.பி.ஐ.யில் அப்பா ஃபோனிலிருந்தோ பக்கத்து வீட்டு அக்கா ஃபோனிலிருந்தோ அனுப்பியிருக்கிறார்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அனுப்பியவர் பெயர்தான் இருக்கிறது, பதிவு எண் இல்லை. யாருடையது என்று தெரியாமல் "அடையாளம் தெரியாத வரவு" என்று நானே ஒதுக்கி வைத்திருந்தேன். அதில் ஒரு பையன், கட்டிவிட்டேன் என்று மூன்று முறை கவுன்ட்டருக்கு வந்திருக்கிறான், மூன்று முறையும் ரசீது எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அவன் வகுப்புக்கே போய், வெளியே கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு ரசீதைக் கொடுத்தேன்.

வவுச்சர் சார், நீங்கள் கேட்ட கடனாளி மாறும் தேதிக்கு இப்போதைக்கு ஒரு வழி. மாதம் ஒரு நாள், இரண்டாவது புதன்கிழமை, மதிய உணவு நேரத்தில் அரசுப் பத்தியில் இருப்பவர்கள் பாஸ்புக்கோடு வரலாம் என்று அறிவித்திருக்கிறோம். கட்டாயம் இல்லை. ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று அங்கேயே பார்த்துச் சொல்வோம். பணம் விழுந்திருந்தால் அன்றைக்கே மாற்றுப் பதிவு. ஒரே தடவையில் கட்ட முடியாதவர்களுக்கு மூன்று தவணை, முதல்வர் கையெழுத்தோடு.

அந்த மாணவியின் விஷயம். அடையாறு சார் சொன்னது நினைவுக்கு வந்து, வியாழக்கிழமை அவளைக் கூப்பிட்டு ஆதார் இணைப்பைப் பார்க்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் திறந்த பழைய கணக்கு வந்தது. பாஸ்புக் வியாசர்பாடி வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்திருக்கிறது. வங்கிக்குப் போய்ப் பதிவு போட்டுக்கொண்டு வந்தாள். 2,000 ரூபாய் இருந்தது, அது புதுமைப் பெண் திட்டத்தில் வந்த இரண்டு மாதப் பணம். ஸ்காலர்ஷிப் வரவில்லை. அதனால் 18,400 ரூபாய் அரசுப் பத்தியில் அப்படியே நிற்கிறது. அவள் பெயருக்கு நேரே மாணவர் பாக்கி என்ற இடத்தில் பூஜ்யம் போட்டு, பிரின்ட் எடுத்து, முத்திரை வைத்துக் கொடுத்தேன். அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனாள்.

செல்ஃப் ஃபைனான்ஸ் ஆசிரியர்களுக்கு இந்த மாதச் சம்பளம் 5ஆம் தேதி போட வேண்டும், பணம் போதாது, நிரந்தர வைப்பு ஒன்றை உடைப்பது பற்றித் திங்கள்கிழமை நிர்வாகத்திடம் பேசப் போகிறேன். இந்த வருட மாநிலப் பங்கு யாருடைய கல்லூரி மாணவருக்காவது வந்திருந்தால், எந்தத் தேதியில் வந்தது என்று மட்டும் இங்கே எழுதுங்கள்.

---

தாம்பரம்_லோக்கல் | ஞாயிறு, மாலை 6.02

எங்களுக்கு இன்னும் இல்லை அண்ணே. அந்த எக்செல் பதிவேட்டின் வெற்று நகலை இங்கே ஏற்ற முடியுமா? நாளைக்குக் காலையிலேயே ஆரம்பிக்கிறேன்.